கல்லூரிக் கல்விக்கு உதவித்தொகை

பத்தாம் வகுப்பு மாணவி

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. தேவையை வாய்விட்டுக் கூறுபவருக்கே உதவி கிட்டும் என்பது இதன் பொருள். கல்லூரிக் கல்விக்கான பண உதவியும் அத்தகையதே. வீட்டில் பணமுடை ஏற்பட்டால் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்புதான். ஆகவே என்னென்ன உதவிகள் உள்ளன, அவற்றை எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதை நாம் இப்பொழுதே அறிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டம். 1989ஆம் ஆண்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அதுவே உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணச் செலவுக்கு என்று ஒதுக்கிய பணம் படிப்புச் செலவுக்குத் திரும்பியது எவ்வளவு நல்ல மாற்றம்! ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியருக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் ரூ.1,000 வழங்குவது என்பது இதன் ஏற்பாடு. 2024 டிசம்பர் 30 அன்று, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. பதினோராம் வகுப்பிற்குத் தனியார் பள்ளிக்கோ ஆங்கில வழிக்கோ மாற எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மத்திய அரசின் உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முன்னணி மதிப்பெண் பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்திற்கு மேற்படாதவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பிற்கு ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். இதில் பாதி இடங்கள் பெண்களுக்கே. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி அதைச் சரிபார்த்த பின்னரே விண்ணப்பம் மேலே செல்லும். ஆதலால் விண்ணப்பித்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் தெரிவிப்பது நல்லது.

பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் கலந்தாய்வு மூலம் சேருவோருக்கு, குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவரும் இல்லையெனில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு. ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தனி உதவித்தொகை உண்டு. கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளும் தமிழகத்தில் இவ்வுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவை யாவும் போதாதபோது வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது. ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டத் தொடங்கலாம். ஆனால் கடன் வேறு, உதவித்தொகை வேறு. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே உதவித்தொகைகளை முயன்று பார்த்த பின்பே, தேவையான அளவு மட்டும் கடன் வாங்க வேண்டும்.

விண்ணப்பத்திற்கு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

இவற்றுள் பத்தாம் வகுப்பில் இருக்கும் நாம் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொதுத் தேர்வுப் பெயர்ப் பட்டியலில் உள்ளபடிதான் சான்றிதழில் நம் பெயர் அச்சாகும். ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் பெயரோ தலைப்பெழுத்தோ இருந்தால் பணம் வந்து சேராமல் நின்றுவிடும். ஆகவே பெயர்ப் பட்டியலைக் காட்டும் அன்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

அன்புத் தோழியரே! உதவி கேட்பது பிச்சை கேட்பதன்று. இவை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கென்றே மக்களின் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டவை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்; அவ்வப்போது ஆசிரியைகளிடமும் அருட்சகோதரிகளிடமும் கேட்டுத் தெளிவோம். பெற்றோர்களே! "பணம் இல்லை, படிப்பை நிறுத்து" என்று கூறுமுன், ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுப் பாருங்கள். கேட்காமல் இழந்த படிப்பு நம்மில் எவருக்கும் வேண்டாம்.