மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்?



போன சித்திரையில் எங்க சின்னத் தாத்தா (தாத்தாவோட கூடப் பிறந்த தம்பி) மலேசியாவிலிருந்து ஒரேயடியா ஊருக்குத் திரும்பி வந்துட்டார். அவர் 1994ல் போனவர். நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை. போகும்போது மீனம்பாக்கத்தில் பிளேன் ஏறினார், வரும்போது திருச்சியிலேயே வந்து இறங்கிட்டார். அதனால் சென்னையை இன்னும் பார்க்கவில்லை. அடுத்த வாரமே அங்கே இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினார். வழியனுப்ப நானும் போனேன். பஸ் ஸ்டாண்டில் நின்னுக்கிட்டு, "மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்?" என்று சத்தமாகக் கேட்டார். "தாத்தா, அது சென்னை. மெட்ராஸ்னு சொன்னா சிரிப்பாங்க" என்று நான் காதில் சொன்னேன். பக்கத்தில் டீ ஆத்திக்கிட்டிருந்த அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மெட்ராஸ் வண்டியா? அந்தா கடைசியில நிக்குதுங்கய்யா" என்றார். எனக்குத்தான் வெட்கமாப் போச்சு.

அப்புறம் நூலகத்தில் தேடியும், சமூக அறிவியல் ஐயாவிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மெட்ராஸ் என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர், சென்னைதான் பழைய தமிழ்ப் பெயர் என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்ட இடம் வாங்கியபோதே அங்கே மதராசபட்டணம் என்ற ஊர்ப்பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் ஆங்கிலத்தில் மெட்ராஸ் ஆனது. இடம் கொடுத்தவர்கள் தாமர்லா நாயக்கர்கள். அவர்களுடைய அப்பா பெயர் சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் கோட்டைக்குப் பக்கத்தில் உண்டான ஊரைச் சென்னப்பட்டணம் என்றார்கள். வேறு கதைகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சொல்வது இதுதான். ஆக இரண்டு பெயருக்கும் வயது அதிகம். வெள்ளைக்காரர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், நம்ம ஜனங்கள் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்!

தமிழில் எழுதும்போது முன்பிருந்தே சென்னை என்றுதான் எழுதினார்கள். "மெட்ராஸ் ஸ்டேட்" என்பதைக்கூடச் சென்னை ராஜ்யம் என்றார்கள். 1996ல் தமிழக அரசு பெயரை மாற்றியபோது உண்மையில் மாறியது ஆங்கிலப் பெயர்தான். பம்பாய் 1995ல் மும்பை ஆனதும், கல்கத்தா 2001ல் கொல்கத்தா ஆனதும் ஏறக்குறைய இப்படித்தான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில் முன்பே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மாநிலத்தின் பெயர் அவ்வளவு சுலபமாக வரவில்லை. தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளுக்காக 1956ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டார். 1967 ஜூலை 18ல் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14ல்தான் பெயர் நடைமுறைக்கு வந்தது. பொங்கல் நாளில் வந்த பெயர் என்று ஐயா சொன்னார்.

மெட்ராஸ் முழுசாகப் போயும் விடவில்லை. ஆங்கிலத்தில் ஹைகோர்ட் இன்றைக்கும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான். பல்கலைக்கழகமும், ஐ.ஐ.டி.யும், மருத்துவக் கல்லூரியும் அப்படியே. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 2019ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், ரயில்வே குறியீடு மட்டும் பழைய "எம்.ஏ.எஸ்." தான். கண்ணு சிவந்து லீவு போட்டால் நாமும் "மெட்ராஸ் ஐ" என்றுதானே லீவு லெட்டரில் எழுதுகிறோம்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மலை திண்டு மாதிரி இருப்பதால் திண்டுக்கல். அதை ஆங்கிலத்தில் "டிண்டிகல்" என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். 2020ல் அரசு 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத உத்தரவு போட்டது. அந்தப் பட்டியலில் திண்டுக்கல்லும் உண்டு. ஆனால் எழுத்துக்கூட்டல் சரியில்லை என்று ஒரே பேச்சு. வேலூரை வாசித்தால் "வீலூர்" என்று வந்தது! ஜூன் மாதம் வெளியில் வந்த உத்தரவை அதே மாதம் 18ஆம் தேதி திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆக நாம் பழையபடி டிண்டிகல். கொஞ்சம் பொறுமையாகச் செய்திருந்தால் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் வெறும் பேருதானே என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். சின்னத் தாத்தாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கு. வீடு கட்டி அங்கேயே இருக்கலாம் என்றுதான் வந்தார். பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனார், கூட நானும் போனேன். அவர் அப்பா வாங்கின பத்திரத்தில் மதுரை மாவட்டம் என்று இருக்கு. 1985 செப்டம்பர் 15ல்தான் நம்ம மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது. 1991ல் எழுதின பாகப் பத்திரத்தில் அண்ணா மாவட்டம் என்று இருக்கு. 1997ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். (நம்ம ஊர் பஸ்ஸில் இருந்த இராணி மங்கம்மாள் பெயரும் அப்போதுதான் போனது. தாத்தா அதைத்தான் பஸ் பஸ்ஸாகத் தேடினார்!) அங்கே இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அண்ணா மாவட்டமா? அப்படி ஒண்ணு கிடையாதே. இன்னொண்ணு மதுரைன்னு இருக்கு, அங்க போய்க் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூணு தடவை நடந்தோம். மூணாவது நாள் தாத்தா வெளியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "நான் பொறந்த ஊரு எதுன்னு நானே நிரூபிக்கணும் போலிருக்கே பாப்பா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வாசலில் பத்திரம் எழுதும் பெரியவர்தான் உதவினார். கிராமத்துப் பெயரும் சர்வே நம்பரும் இரண்டு பத்திரத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது. மாவட்டம் எந்த வருஷம் எப்படி மாறியது என்று விவரமாக ஒரு மனு எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய பத்திரம் இருந்தால் எடுத்து, எந்த மாவட்டம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 

பட்டா இன்னும் வரவில்லை. தாத்தா தினமும் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி தங்கச்சி வீட்டுக்குப் போகணுமாம். "மெட்ராஸ் பஸ்ஸுல சீட்டு போட்டு வைக்கச் சொல்லு உங்க அப்பாவ" என்றார். சரிங்க தாத்தா என்று சொல்லிவிட்டேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி