போக மூன்று மணி, வர ஏழு மணி!

கென்யாவின் தலைநகரான நைரோபியிலிருந்து காலை 9 மணிக்குக் கிளம்பும் விமானம், எங்கும் இறங்காமல் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் பறப்பதாகக் கொள்ளுங்கள். இறங்கும்போது லாகோஸ் கடிகாரம் பகல் 12 மணி காட்டும். அதே 12 மணிக்கு லாகோஸிலிருந்து கிளம்பினால், நைரோபியை அடையும்போது அங்கே இரவு 7 மணி. போக மூன்று மணி. வர ஏழு மணி!

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவர் எழுந்தார். "சார், பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. மேற்கே போகும் விமானத்தை நோக்கி லாகோஸ் எதிர்கொண்டு வருகிறது. அதனால்தான் நேரம் குறைகிறது" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நீங்களும் தலையாட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். தவறான விடைதான், ஆனால் யோசித்துச் சொன்ன விடை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. அதை 360 ஆல் வகுத்தால் பாகைக்கு 111 கி.மீ. இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 33.6 பாகை, அட்சரேகையில் 7.9 பாகை வித்தியாசம். இரண்டும் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 34.5 பாகை; அதாவது சுமார் 3,830 கி.மீ. (வடக்கே 60 பாகையில் இந்தக் குறுக்குவழி பலிக்காது. அங்கே தீர்க்கரேகைகளின் இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடும்.) விக்டோரியா ஏரி, உகாண்டா, வடகாங்கோக் காடுகள், காமரூன் என்று நீளும் இப்பாதையை மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் கடக்க நாலரை மணி நேரம் ஆகும். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் ஐந்து.

இனி மாணவரின் வாதம். பூமத்திய ரேகையில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு 1,670 கி.மீ. அவர் சொல்வது சரியென்றால் விமானம் பறக்கவே வேண்டாம். மேலே எழும்பி அந்தரத்தில் நின்றால் போதும். இரண்டே கால் மணியில் லாகோஸின் தீர்க்கரேகை தானாகக் கீழே வந்து சேரும்! அப்படி நடப்பதில்லையே, ஏன்? நைரோபி ஓடுதளத்தில் நிற்கும்போதே விமானத்துக்கும் பூமியின் அந்த வேகம் உண்டு. தரையை விட்டதும் அது மறைந்துவிடாது. விமானத்தைத் தாங்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

உண்மையில் அந்த இரண்டே கால் மணி சூரியனுக்குரியது. நைரோபியில் நண்பகலான பிறகு லாகோஸில் நண்பகலாக அவ்வளவு நேரம் ஆகிறது. கடிகார வசதிக்காக அதை முழுசாக இரண்டு மணி என்று வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஏழையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: ஐந்து, பறந்த நேரம். கழித்துப் பாதியாக்குங்கள்: இரண்டு, கடிகார வித்தியாசம்.

நேரத்தை உண்மையாகவே மாற்றுவது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து ஒரு விரைவுக்காற்று ஆப்பிரிக்கா வரை வீசுகிறது. 1958-ல் இதை விவரித்தவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஆப்பிரிக்காவை அடைவதற்குள் அது தளர்ந்துவிடும். நம் விமானம் பறக்கும் உயரத்தில் மணிக்கு 40 கி.மீ. கிழக்குக்காற்று என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 12 நிமிடம் லாபம். திரும்பும்போது 13 நிமிடம் நஷ்டம். காற்று ஒன்றேதான், தூரமும் ஒன்றேதான். அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.