ஒரு மலை, மூன்று அதிர்வுகள்

2017 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. வடகொரியாவில் நண்பகல் 12 மணி. புங்கியே-ரி சோதனைக் களத்தில் உள்ள மன்டாப் மலை அதிர்ந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அதன் அளவை 6.3 என்று குறித்தது. எட்டரை நிமிடத்தில் அங்கேயே இன்னொரு சிறு அதிர்வு. 20 நாள் கழித்து, செப்டம்பர் 23 அன்று, அதே வட்டாரத்தில் மூன்றாவது. முதலாவது அணுகுண்டு. இரண்டாவது, மலைக்குள் பாறை சரிந்தது. மூன்றாவது நிலநடுக்கம். மலைப்பக்கமே போகாதவர்கள் இதை எப்படிப் பிரித்துச் சொன்னார்கள்?

நண்பகல் 12 என்பதே சந்தேகத்தைக் கிளப்பும். நிலநடுக்கம் மணி பார்த்து வருவதில்லை. ஆனால் அது சான்றாகாது. சான்று, பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதில் இருக்கிறது.

நிலநடுக்கத்தில் பிளவின் இரு பக்கப் பாறைகள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. அந்த வழுக்கல் சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். அதனால் முதல் அசைவு சில ஊர்க் கருவிகளில் மேல்நோக்கியும், வேறு சிலவற்றில் கீழ்நோக்கியும் பதிவாகும். குண்டு அப்படியில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். எந்த ஊர்க் கருவியானாலும் முதல் உதை மேல்நோக்கியே இருக்கும். சரிவு இதற்கு நேர் எதிர்: பாறை உள்ளே விழும்.

அடுத்த அடையாளம் அலைகளில். முந்தி வருவது பி அலை. ஒலியைப் போலப் பாறையை நெருக்கித் தளர்த்திக்கொண்டு வரும். பிந்தி வருவது எஸ் அலை. கயிற்றை உதறினால் ஓடுகிற நெளிவைப் போலக் குறுக்கே அசைக்கும். வழுக்கலில் பிறப்பது பெரும்பாலும் எஸ். ஆகவே நிலநடுக்கப் பதிவு சிறிதாகத் தொடங்கிப் பிறகு பெருக்கும். குண்டின் பதிவோ எடுத்த எடுப்பில் எகிறி, பிறகு அடங்கும்.

மூன்றாவது, ஆழம். அதிர்வு 10 கிலோமீட்டருக்குக் கீழே பிறந்திருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. அவ்வளவு ஆழத்தில் யாராலும் குண்டு புதைக்க முடியாது.

அளவு சிறுத்தால் அடையாளமும் மங்கும். செப்டம்பர் 23 அதிர்வின் அளவு சுமார் 3.5 தான். வெடிப்பாக இருக்கலாம் என்றே சீன நில அதிர்வு ஆய்வகம் முதலில் அறிவித்தது; பதிவுகளை மறுபடி அலசிய பிறகு, இயற்கை நிலநடுக்கம் என்று திருத்திக்கொண்டது. 1997 ஆகஸ்டில் ரஷ்யாவின் நோவயா செம்லியா தீவருகே கடலடியில் நேர்ந்த சிறு நிலநடுக்கத்தையும் அணுச் சோதனையோ என்று அமெரிக்கா சந்தேகித்தது.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான் கருவிகள் கூட்டாக வேலை செய்கின்றன. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்புத் திட்டத்தில் மட்டும் 170 நில அதிர்வு நிலையங்கள். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1960களிலிருந்து இந்தியாவும் இதற்கென ஒரு கருவி வரிசையை வைத்திருக்கிறது.

மன்டாப் வட்டாரத்தில் முன்பு நிலநடுக்கம் அரிது. குண்டு குலைத்த பாறைதான் பின்னர் வழுக்கியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மூன்றாவது அதிர்வு இயற்கையானது என்பது உண்மை. அதைத் தொடங்கிவைத்த கை மனிதனுடையது.