நான்காம் இலக்கம், ஐந்தாம் இலக்கம்

நடந்து போனவர்கள் – 17

இந்த வாரம் காலிமுகத்திடலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். 2022 ஜூன் 25, வானவில் கொடிகளோடு நடந்த ஊர்வலம். போவோம், ஆனால் நேரே போக முடியாது. சென்ற இதழில் வேவெஸ்ஸ தோட்டத்தில் நின்றோம்: 1940 மே, வேலைநிறுத்தம், ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்தே ஆயுதத்தைப் பறித்த தொழிலாளர்கள். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது மறந்திருக்காது.

அதை வாசித்துவிட்டுப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவர். “அண்ணே, வேவெஸ்ஸக்காரங்க ரோட்டுக்கு வந்தத எழுதுறீங்க. நாங்க பதுளை டவுன்ல ரோட்டுக்கு வந்தா எழுதுவீங்களா?” என்றார். ‘நாங்க’ யார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கொழும்பில் பிரைட் ஊர்வலத்தில் நடந்திருக்கிறாராம். “அங்க கொடி புடிச்சி நடந்தேன். பதுளை பஸ்ல ஏறுனா வேற ஆளாத்தான் எறங்குறேன்.”

எழுதுவேன் என்றேன். யார் தெருவில் நடக்கலாம், யார் நடந்தால் பொலிஸ் வரும் என்ற கேள்விதான் இந்தத் தொடரை இத்தனை வாரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு ஒழுங்கான பதில் சொல்வதற்காகச் சட்டங்களைத் தேடப் போனேன். போன இடத்தில் 1841ஆம் ஆண்டு என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இலங்கையில் இன்றும் உயிரோடிருக்கிற நாடோடிகள் கட்டளைச் சட்டம் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கம். உடம்பில் தெம்பிருந்தும் வேலை செய்யாமல் சும்மா திரிகிறவர்களை, பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடப்பதாகச் சொல்லப்படுகிறவர்களைப் பிடித்துத் தண்டிப்பதற்கு வெள்ளைக்காரர்கள் எழுதியது. பஸ் நிலையத்திலோ தெருவோரத்திலோ இரவில் ஒரு திருநங்கை நின்றால் பொலிஸார் எடுத்து நீட்டுவது இந்தச் சட்டத்தைத்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவும் அதற்குத் துணையாக வரும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றிய பிரிவு அது. பெண்ணாக உடுத்தி நிற்பவரை ‘ஏமாற்றுக்காரர்’ ஆக்கிவிட அது உதவுகிறது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஓகஸ்டில் இலங்கை பற்றி வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் பாதிக்கப்பட்டவர்களின் வாய்மொழியாகவே பதிவு செய்திருக்கிறது. ஐந்து விரலும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் தலைப்பு.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். நான்காம் இலக்கத்துக்கு அடுத்த இலக்கம் எது என்று மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

அதே 1841, 5ஆம் இலக்கம். கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்கிற வேலையாட்களையும் தொழிலாளர்களையும் ‘ஒழுங்குபடுத்தும்’ சட்டம். கோப்பிக் காலத்தில் தோட்டத்துரைமாரின் கையிலிருந்த சட்டம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். சம்பளமும் பறிபோகும், சிறையும் கிடைக்கும். 1865இல் இதே சட்டத்தை 11ஆம் இலக்கமாகத் திருத்தி எழுதினார்கள். அப்போதும் வேலையை விட்டு ஓடியவர் குற்றவாளிதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை செய்யாமல் நடந்தால் நான்காம் இலக்கம். வேலையை விட்டு நடந்தால் ஐந்தாம் இலக்கம். கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய அந்த வருடங்களில் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நம் முன்னோர் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களின் கணக்கை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அப்படி நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்த பிறகு இனி நடக்கக்கூடாது என்பதுதான் ஐந்தாம் இலக்கம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும். கடன் தீர்ந்தது என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டில்லாமல் வீதியில் போன தொழிலாளியைப் பிடித்து நிறுத்தி, எந்தத் தோட்டம், யாருடைய கங்காணி என்று கேட்கலாம். துண்டு முறையும், வேலையை விட்டதற்காகச் சிறை என்பதும் 1921இல்தான் ஒழிந்தன.

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமானது. எங்கேயிருந்து வருகிறாய், யாருடைய ஆள், இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை? ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் கொள்ளுப்பாட்டனிடம் கேட்டார்கள். இன்று ஒரு திருநங்கையிடம் கேட்கிறார்கள். ஒரே ஆண்டில், ஒரே மேசையில், அடுத்தடுத்த இலக்கத்தில் எழுதிய இரண்டு சட்டங்கள். நம்மைக் கட்டிய ஐந்தாம் இலக்கம் செத்துப் போனது. அவர்களைக் கட்டிய நான்காம் இலக்கம் சாகவில்லை. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம்ம தோட்டத்தில் கிடையாது’ என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் இந்த இரண்டு இலக்கங்களையும்தான் காட்டுவேன். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனையை.

தண்டனைச் சட்டக்கோவையும் அப்படித்தான். ஒருபால் உறவைக் குற்றமாக்கப் பயன்படும் 365, 365அ பிரிவுகள் இருக்கும் அந்தக் கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஊவா மாகாணம் உருவானது 1886இல். பதுளையைத் தலைநகராக வைத்து ஒரு மாகாணம் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே, இங்கே யார் யாரைத் தொடக்கூடாது என்று எழுதி முடித்துவிட்டார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். சட்டம் ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை.

1995இல் அந்தக் கோவையைத் திருத்த எடுத்தபோது 365அ பிரிவு போய்விடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றி, அதுவரை வெளியே இருந்த பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் வரை சிறை. அதைத் திருத்துவதற்கு அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சீ. தொலவத்த 2023இல் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்ததைச் சபாநாயகர் 2023 மே 9 அன்று சபையில் அறிவித்தார். பதுளையில் இனிப்பு வாங்கிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். எதற்கு இனிப்பு என்று வேலை செய்யும் இடத்தில் கேட்டார்களாம். தங்கச்சி பாஸ் என்று சொல்லிச் சமாளித்தாராம். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்ததோடு அந்தச் சட்டமூலமும் செத்தது.

சரி, கொழும்பு. அங்கே முதல் பிரைட் 2005இல் நடந்தது. நடத்தியது ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு. ரொசானா பிளேமர்-கல்தேரா அதை 2004இல் தொடங்கியிருந்தார். இதே ரொசானாவின் முறைப்பாட்டின் பேரில்தான் 365அ பிரிவு பெண்களின் உரிமையை மீறுகிறது என்று ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு 2022இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஆரம்ப காலத்துப் பிரைட் தெருவுக்கு வரவில்லை. படம் போட்டார்கள், ஓவியம் வைத்தார்கள், மண்டபத்துக்குள் கூடினார்கள். கடற்கரையில் வானவில் பட்டம் விட்டார்கள்.

பட்டம்! கொடியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாத காலத்தில், நூலில் கட்டி மேலே அனுப்பியிருக்கிறார்கள். காற்றைக் கைது செய்ய நான்காம் இலக்கத்தில் இடமில்லை. ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற ஹப்புத்தளைக் கணவாயில் நின்றவர்களுக்கு என் மனம் எங்கே ஓடுகிறது என்று புரியும். ஊவாத் தேயிலைக்கு வாசனை கொடுக்கிற அந்த வறண்ட காற்றில் பட்டம் விட்டால் எங்கெல்லாம் தெரியும்! கொழும்புக் கடற்கரையைவிட நல்ல இடம் இது என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். சிரித்தார். “பட்டம் விட்டாப் போதுமாண்ணே?” என்றார்.

போதாது. 2022 ஜூன் 25இல் கொழும்பில் தெருவில் இறங்கினார்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, காலிமுகத்திடலில் கோட்டாகோகம போராட்டக்களம். நாடே தெருவிலிருந்த நேரம். போராட்டக்களத்துக்குள்ளேயே வானவில் கொடிகள் வந்தன. அதே ஜூனில் யாழ்ப்பாணத்திலும் நடந்தார்கள். அந்த நாளை விரிவாக எழுத வேண்டும், எழுதுவேன். இங்கே ஒன்றை மட்டும் குறிக்கிறேன். பெரிய கூட்டம் ஒன்று ஏற்கெனவே தெருவில் நின்றபடியால், அதற்குள் சிறிய கூட்டம் ஒன்று பயமில்லாமல் நிற்க முடிந்தது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

எண்ணிக்கையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்குக் கல்கத்தாவைச் சொல்கிறேன். 1999 ஜூலை 2 அன்று அங்கே நடந்த ‘நட்பு நடை’தான் இந்தியாவின் முதல் பிரைட் ஊர்வலம். நடந்தவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். சென்னையில் 2009 ஜூன் 28இல் நடந்தார்கள். சில நாட்களில், ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தித் தீர்ப்புக் கொடுத்தது. தீர்ப்பு வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மதுரையில் 2012 ஜூலையில் நடந்தார்கள். மதுரை ஒன்றும் மும்பாய் இல்லை. கோயிலும் சாதியும் சொந்தபந்தமும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஊர்தான்.

பதுளையில் முடியுமா? சட்டப்படி முடியும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்வது இது: ஊர்வலம் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன்னதாக, தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 365அ பிரிவு செயலைத்தான் தண்டிக்கிறது. ஒருவர் இன்னாராக இருப்பதையோ, கொடி பிடித்து நடப்பதையோ தண்டிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை.

கஷ்டம் லயத்தில்தான் இருக்கிறது. ஒரு காம்பராவில் அப்பா, அம்மா, அக்கா, தம்பி, பாட்டி. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். கொழும்பில் கொடி பிடித்தவருக்குப் போய் ஒளிந்துகொள்ள ஒரு வாடகை அறையாவது உண்டு. டவுனில் காலையில் நடந்தவரின் பெயர் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிடும். மறுநாள் பிரட்டுக்களத்தில் அம்மா தலை குனிந்து நிற்க வேண்டும். அதனால் முதலில் நடக்க வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன். தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத்து அக்காமார், பள்ளிக்கூட டீச்சர்மார் முன்வரிசையில் நடக்கட்டும். சம்பளத்துக்காக எத்தனை தடவை வீதியை மறித்திருக்கிறார்கள்! அவர்கள் நடுவே யார் நடந்தார் என்று பிறகு யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க தலைவர்கிட்ட நீங்க பேசுவீங்களாண்ணே?” என்றார். பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

தலைவர்மாரிடம் எதை வைத்துப் பேச்சைத் தொடங்குவது என்பதும் தெரியும். காமன் கூத்து. மாசி மாதத்தில் காமன் ஊன்றிவிட்டால், ரதி வேஷம் கட்டிய ஆண் லயம் லயமாகப் போவதை ஊரே விளக்கோடு வரவேற்கும். மன்மதன் எரிந்த இரவில் அந்த ரதி அழுதால் கூட நின்று அழாத பெண்கள் குறைவு. அந்த ஊர்வலத்துக்கு எந்தத் தலைவரும் இதுவரை தடை சொன்னதில்லை. இதை இந்த வாரமே எழுதிவிட நினைத்தேன், 1841 இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ரதியோடு தொடங்கி, அவரோடேயே காலிமுகத்திடலுக்குப் போவோம். உங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர்கள், கட்டியவர்களை அறிந்தவர்கள் அதற்குள் எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)