பாண்டி பஜார் ஜொலிக்குது. பிளாட்பார வியாபாரி தவிக்கிறார்!

தியாகராயநகர் பாண்டி பஜாரை 2013-க்கு முன்னால் பார்த்துவிட்டு இப்போது திரும்பி வருகிற ஆள், இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்.

பனகல் பார்க்கில் இருந்து தணிகாசலம் ரோடு வரை அகலமான நடைபாதை. கால் வலித்தால் உட்கார பெஞ்சு. ராத்திரியானால் விளக்கு வெளிச்சம். கல்யாண ஜவுளி எடுக்க வருகிற குடும்பங்கள் செல்பி எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பளபளப்பு.

2019 நவம்பர் 13-ந்தேதி அன்றைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி இதைத் திறந்து வைத்தார். 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவு.

நடக்க இடம் கிடைத்தது நல்ல காரியம்தான். முன்பெல்லாம் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் ரோட்டில் இறங்கி, ஆட்டோவுக்கும் மாநகர பஸ்சுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

சரி, அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிழைத்தவர்கள் கதை என்ன?

வந்தவர்கள் கட்டிய பேட்டை

தியாகராயநகரே வெளியில் இருந்து வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை இது. பாண்டி பஜார் என்ற பெயரே நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியனார் பெயரில் இருந்து வந்தது என்பார்கள். அவர் பட்டிவீரன்பட்டிக்காரர்.

காஞ்சீபுரத்து நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் இங்கே பட்டுக் கடை போட்டார். ரங்கநாதன் தெருவில் 1970-வாக்கில் சின்னதாக ஆரம்பித்த சரவணா ஸ்டோர்ஸ் குடும்பத்தார் திருச்செந்தூர் பக்கத்து ஆட்கள். இன்றைக்குப் பெரிய பெரிய போர்டு போட்டிருக்கிற பலரும் ஒரு காலத்தில் டிரங்குப் பெட்டியோடு ரெயில் ஏறி வந்தவர்களே.

அட்வான்ஸ் கொடுக்க முடிந்தவனுக்குக் கடை கிடைத்தது. முடியாதவனுக்குப் பிளாட்பாரம் கிடைத்தது. ஒரு தார்பாய், நாலு மூங்கில் குச்சி, ஒரு மரப்பெட்டி. ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு, கவரிங் கம்மல், கைக்குட்டை, நைட்டி, ரப்பர் செருப்பு. முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே.

பிளாட்பாரத்துக்கு வாடகை இல்லையே என்று நினைக்க வேண்டாம். அது வேறு கணக்கு. கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்!

மாடிப்படியில் கோளாறு

நடைபாதையை மீட்க வேண்டும் என்று கோர்ட்டில் வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் மாநகராட்சி பாண்டி பஜாரிலேயே அடுக்குமாடி வளாகம் கட்டி, 2013-ல் 600-க்கும் மேற்பட்ட பிளாட்பார வியாபாரிகளை உள்ளே கொண்டு போனது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். லாரியில் அள்ளிப்போட்டு ஊருக்கு வெளியே கொண்டு போய்க் கொட்டவில்லை. அதே ரோட்டில், தலைக்கு மேலே கூரையோடு இடம் கொடுத்தார்கள். மழைக்கு ஒதுங்க இடம் இல்லாதவனுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் வியாபாரம்?

ஹேர்பின் வாங்குவதற்கென்று யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. பட்டுப் புடவை எடுக்க வருகிறார்கள், நகை வாங்க வருகிறார்கள். வாங்கி முடித்து பஸ் ஸ்டாப்பை நோக்கி நடக்கும்போது கண்ணில் படுகிறது வளையல். கால் நிற்கிறது. "எவ்வளவுப்பா?" என்று வாய் கேட்கிறது. அந்த ஒரு நிமிஷம்தான் பிளாட்பார வியாபாரியின் மூலதனம்.

20 ரூபாய் சாமானுக்கு மாடிப்படி ஏறி எவர் வருவார்? தரைத்தளத்தில் இடம் விழுந்தவர் ஓரளவு தப்பினார். மேல்மாடியில் விழுந்தவர் காலையில் இருந்து ராத்திரி வரை எதிர்க்கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. மாடியில் வியாபாரம் படுத்துவிட்டது என்ற புகார் அப்போதே கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் மறுபடியும் பிளாட்பாரத்துக்கு இறங்கி வந்தார்கள். கார்ப்பரேஷன் வண்டி விரட்ட, இவர்கள் சந்துக்குள் ஓட, வண்டி போனதும் திரும்ப வர, கண்ணாமூச்சி ஆட்டம் ஆரம்பமானது.

தண்டல் காத்திருக்காது

ரெண்டு நாள் வியாபாரம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்குத் தண்டல் கணக்கு தெரியாது.

10 ஆயிரம் ரூபாய் கடன் என்று பெயர். கையில் தரும்போதே ஆயிரமோ, ஆயிரத்து ஐந்நூறோ பிடித்துக்கொள்வார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் சரி, மந்திரி வந்து ரோட்டை அடைத்தாலும் சரி, சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து நிற்பார். ஒரு நாள் தவறினால் மறுநாள் 200. சாமானைக் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டு போய்விட்டால், போன சரக்குக்கும் தண்டல் கட்டித்தான் ஆக வேண்டும்!

இதில் இருந்து மீட்கத்தான் கொரோனா ஊரடங்கில் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது, 2020 ஜூனில் மத்திய அரசு 'பி.எம். ஸ்வநிதி' கடன் திட்டம் கொண்டு வந்தது. ஜாமீன் இல்லாமல் முதல் தவணை 10 ஆயிரம் ரூபாய்; 2025-ல் அதை 15 ஆயிரம் ஆக்கினார்கள். ஆனால் தெருவியாபாரி என்பதற்கு அடையாள அட்டையோ, சான்றிதழோ, சிபாரிசுக் கடிதமோ வேண்டும். கணக்கெடுக்க வந்த அன்றைக்கு ஊரில் திருவிழாவுக்குப் போயிருந்தவர் கதி? திரும்பவும் தண்டல்காரர்தான்.

தலைக்கு மேலே போகும் கூட்டம்

பிளாட்பாரத்தோடு விஷயம் முடியவில்லை. 2023 மே 16-ந்தேதி மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தியாகராயநகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 570 மீட்டர் நீளம். செலவு 28 கோடியே 45 லட்சம் ரூபாய். ரெயிலைவிட்டு இறங்கியவர்கள் நெரிசலில் சிக்காமல் பஸ் பிடிக்கலாம். வயதானவர்களுக்கு லிப்ட் வசதியும் உண்டு. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் கீழே பழம் விற்கும் ஆயாவைத் தாண்டிப் போக வேண்டிய கூட்டத்தில் ஒரு பங்கு, அவர் தலைக்கு மேலே போய்விடுகிறது.

பனகல் பார்க் பக்கம் 2-ம் கட்ட மெட்ரோ ரெயிலுக்காகத் தகரத் தடுப்பு வந்தது. தெற்கு உஸ்மான் ரோட்டில் மேம்பால வேலை நடந்து, 2025 செப்டம்பரில்தான் பாலம் திறக்கப்பட்டது. பெரிய ஜவுளிக் கடை இதையெல்லாம் தாங்கும். தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பெட்டிக்கடை எத்தனை மாதம் தாங்கும்?

பர்மா பஜார் போட்ட வழி

இதே சென்னையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்து கடைகளை அரசுடைமை ஆக்கியபோது, தமிழர்கள் சம்பாதித்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் பிழைக்க, கடற்கரை ரெயில் நிலையம் எதிரே பிளாட்பார ஓரமாகவே 1969-ல் கடைகள் அமைந்தன. அதுதான் பர்மா பஜார். அவர்களை யாரும் மாடிக்கு ஏற்றவில்லை. ஆபீஸ் விட்டு ரெயிலுக்கு ஓடுகிற கூட்டத்தின் வழியிலேயே கடை. 'பாரின் சாமான்' என்றாலே சென்னைக்காரர்கள் அங்கே போன காலம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 1-ந்தேதி அமுலுக்கு வந்தது. கணக்கெடுத்து சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. 5 வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கெடுக்க வேண்டும். இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். இடத்தை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 வருஷத்துக்கு மேல் கடை நடக்கிற இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்கே உள்ளவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. பாண்டி பஜார்காரர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வரி!

சாமானைக் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டு போனால், என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் பூ, பழம் போல அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். வளையல், செருப்பு, துணி என்றால் 2 வேலை நாளுக்குள். லாரி கிளம்பும் முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொள்ள வேண்டியது வியாபாரியின் வேலை.