தற்காப்பும் கைத்துப்பாக்கியும்

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளில் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களோடு இவ்வட்டாரத்தில் பொன் எடுக்கும் தொழில் நின்றுவிட்டது. அன்றுதொட்டு ஆயிரக்கணக்கானோர் விடியுமுன்னே இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். அவர்களுள் பெண்டிரும் உளர். நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள வழி எல்லோர்க்கும் அச்சமற்றதாக இல்லை. ஆகவே, தற்காப்பின் பொருட்டுக் கைத்துப்பாக்கி ஒன்றை மறைவாக உடன்கொண்டு செல்லலாகாதா என்னும் வினா எழுகின்றது. பிற மாநிலங்களில் வாழும் நம் அனைவர்க்கும் உரிய வினா இது.

முதற்கண் இரண்டு உரிமைகளை வேறுபடுத்திக் காணவேண்டும். தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ளும் உரிமை நம் நாட்டில் ஒவ்வொருவர்க்கும் உண்டு. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் அதனை வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையும் அதனைக் காத்துள்ளது. ஆயினும், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்தலாகாது; அரசாங்க உதவியை நாட நேரமிருப்பின் அவ்வுரிமை எழாது. இது தற்காக்கும் உரிமை. படைக்கலம் தாங்கும் உரிமையோ வேறு. அதனை நம் அரசியலமைப்பு தரவில்லை. அமைதியாகக் கூடும் உரிமையைத் தருமிடத்தும் ‘ஆயுதமின்றி’ என்றே அது வரையறுத்துள்ளது.

இம்முடிவு விவாதமின்றி எடுக்கப்பட்டதன்று. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் உரிமம் பெறவேண்டியிருக்க, ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தங்கவயலிலும் ஐரோப்பிய அலுவலர்க்குத் தொண்டர் படை இருந்தது. கூலி லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்கோ வெறுங்கையே துணை. இவ்வேற்றுமையை வெறுத்த காங்கிரசு, 1931-இல் கராச்சித் தீர்மானத்தை ஒட்டி, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்கள் உரிமைகளுள் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதனையே திருத்தமாகக் கொணர்ந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எவரும் கடைக்குச் சென்று தாக்குங் கருவிகளைத் தடையின்றி வாங்கலாமென்றால் அரசு நடைபெறுவது எங்ஙனம் என்பது அவர் கேள்வி. திருத்தம் தோற்றது.

இன்றுள்ள சட்டம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம், அதாவது லைசென்சு, இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காவல்துறையின் அறிக்கையைப் பெற்ற பின்னரே உரிமம் வழங்கப்படும். உரிமத்திற் குறித்த எல்லைக்குள் மட்டுமே அது செல்லும் என்பதை ஊர்விட்டு ஊர்செல்லும் நாம் மறத்தலாகாது. உரிமம் பெற்றவரும் பொதுவிடத்தில் துப்பாக்கியை முற்றும் மூடியே கொண்டுசெல்ல வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. ஆகவே மறைத்தல் குற்றமன்று, உரிமமின்மையே குற்றம். இதே கர்நாடகத்தில் குடகர்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் 2029 வரை உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அது மரபு கருதி வந்த சலுகை.

துப்பாக்கி வேண்டுமென்போர் கூற்றை நாம் எள்ளி ஒதுக்கலாகாது. போலீசார் வந்து சேருமுன் தீங்கு நேர்ந்துவிடுகிறது. வலிமை குன்றியவரை வலியவர்க்கு நிகராக்குவது துப்பாக்கியே என்பர் அவர். இக்கருத்துப்பற்றியே 2014-இல் கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலை மகளிர்க்கென ‘நிர்பீக்’ என்னும் சிறு ரிவால்வரை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அப்போது அதன் விலையோ ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய்க்கு மேல். இரவு இரயிலில் திரும்பும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கு அது கிட்டுமோ? கிட்டினும், தாக்குபவன் நேரத்தைத் தேர்ந்து வருகிறான். தாக்கப்படுபவர்க்குப் பையைத் திறக்கவும் பொழுதிராது. பையிலுள்ள துப்பாக்கி வீட்டுக்கும் வரும்; அங்கே சினமும் உண்டு, குழந்தையும் உண்டு. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில் அதனால் மாள்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்வோரே.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதையொட்டிப் பெங்களூரிலும் பிறவிடங்களிலும் தமிழர் தாக்கப்பட்டனர். உயிரும் உடைமையும் இழந்தனர். அத்தகைய கூட்டத்தின்முன் ஒருவர் கையிலுள்ள துப்பாக்கி என் செய்யும்? ஒரு குண்டு ஒருவனை வீழ்த்தலாம். பின் எழும் வெறி தெரு முழுவதையும் சுடும். அந்நாளில் அடைக்கலந் தந்த கன்னட அண்டைவீட்டாரும் உண்டு. அவர் நட்பைத் துப்பாக்கி ஈட்டித் தராது.

ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். குடிமகனை நோக்கி, ‘நீ ஆயுதம் ஏந்தாதே’ எனக் கூறும் அரசு, அவனைக் காக்கும் கடனைத் தன் தலைமேல் ஏற்கின்றது. நிலையத்திலிருந்து வீடு வரை விளக்கு, இரவு ரோந்து, 112 என்னும் எண்ணை அழைத்தால் விரைந்து வரும் உதவி, எம்மொழியில் முறையிடினும் புகாரைப் பதிந்துகொள்ளும் போலீசு நிலையம்: இவை சலுகைகள் அல்ல, அக்கடனின் தவணைகள். இவற்றைத் தனித்தனியே வேண்டுவதினும், மொழி வேற்றுமை பாராது அண்டை அயலாரோடு கூடி ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் இரயில்வேயிடமும் கேட்டுப் பெறுவதே நமக்கு நன்று. இக்கடன் தீராதவரை, துப்பாக்கி வேண்டுமென்னும் குரலும் ஓயாது.