விடுதிப் பொறுப்பாளருக்கும் ஒரு முதுகலை

"ஹாஸ்டல் பார்த்துக்கொள்ள எம்.ஏ.வா?" என்று சித்தி போனில் கேட்டார். ஆமாம், அமெரிக்காவில் அதற்கு இரண்டு வருடப் படிப்பே இருக்கிறது. 1910களில் நியூயார்க் கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜில், மாணவிகளைக் கவனிக்கும் பெண் டீன்களுக்காகத் தொடங்கிய பயிற்சியில் வேர்விட்டது இது.

வகுப்பில் இளையோர் உளவியல், சட்டம், பட்ஜெட் எல்லாம் உண்டு. ஆர்தர் சிக்கரிங் 1969-இல் எழுதிய நூல் இன்றும் பாடம். கல்லூரிப் பருவத்து வளர்ச்சியை ஏழு தடங்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் நான் தொழில் கற்றது விடுதியில்தான். வாரம் இருபது மணி நேர வேலை. பதிலுக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும்.

எங்களுக்குத் திரும்பத் திரும்ப நடித்துப் பழக்கிய காட்சி ஒன்று: ஒரு மாணவி அழுதபடி வந்து, "யாரிடமும் சொல்லாதீங்க" என்கிறாள். பாலியல் தொல்லை என்றால், பல பல்கலைக்கழகங்களில் விடுதி ஊழியர் அதை மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஆகவே அவள் விஷயத்தைச் சொல்லும் முன்பே, "இதை என்னால் ரகசியமாக வைக்க முடியாமல் போகலாம், ரகசியம் காக்கக் கூடிய ஆலோசகரிடம் கூட்டிப்போகட்டுமா?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு கடினமான வாக்கியம்! அவளை விரட்டாத குரலில் அதைச் சொல்லப் பழகவே எனக்கு ஒரு பருவம் பிடித்தது.